ஓடருக்குச் செய்வதா, களத்தில் கேட்டுச் செய்வதா, சிறிதாக விட்டுப் பார்ப்பதா? கிழக்கின் சிறு உற்பத்தியாளர்களுக்கான ஒப்பீடு

மருதமுனையில் தறி போட்டிருப்பவரும், ஏறாவூர்ப் பக்கம் தயிரோ மரமுந்திரிகையோ பொதி செய்து விற்பவரும், மட்டக்களப்பு நகரில் நான்கைந்து இளைஞர்களை வைத்து அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுபவரும் வெவ்வேறு தொழில்களில் இருந்தாலும், ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அடுத்து எதைச் செய்வது, அதை யாருடைய சொல்லைக் கேட்டுத் தீர்மானிப்பது என்பதே அந்த இடம். பயிற்சி வகுப்புகளில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், வாடிக்கையாளர் கேட்பதைச் செய்யுங்கள் என்பது. அந்தப் பதில் பிழையன்று; ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு வழிகள் அடங்கியிருக்கின்றன, அவற்றின் செலவும் பலனும் ஒன்றல்ல. கையில் ஓடருடன் வருபவரின் சொல்லைக் கேட்பது ஒன்று, இன்னும் வாங்காத பலரைத் தேடிப்போய்ப் பார்ப்பதும் கேட்பதும் இன்னொன்று, சிறிதளவு செய்து சந்தையில் விட்டு அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது மூன்றாவது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே ஒப்பிடுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஒப்பிடுவதற்கு ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நாம் செய்வது பிழையான பொருள் என்பது எப்போது தெரியவரும்? தெரியவந்த பின் அதைத் திருத்த என்ன செலவாகும்? முதற் காசு கைக்கு வரும்வரை எவ்வளவு காலம் தாங்க வேண்டும்? ஒருவருக்காகச் செய்த வேலை அடுத்தவருக்கும் பயன்படுமா? ஒரே வாங்குபவரில் எவ்வளவு தூரம் தங்கியிருக்க நேரிடும்?

இவற்றுள் இரண்டாவது கேள்விக்கே நான் அதிக நிறை கொடுப்பேன், ஏனென்றால் அதற்கான விடை தொழிலுக்குத் தொழில் முற்றாக மாறுகிறது. தறியில் பாவு (துணியின் நீளவாட்டு நூல்கள்) ஏற்றிவிட்டால் அது நெய்து முடியும்வரை அதன் கோடுகளையும் நிறங்களையும் மாற்ற முடியாது. நூலுக்கும் சாயத்துக்கும் போட்ட காசு, துணி விற்றால்தான் திரும்பும். தயிரில் பிழை விட்டால் அடுத்த நாளே தெரிந்துவிடும், இழப்பும் அன்றைய பாலோடு முடிந்துவிடும். மென்பொருளில் ஒரு திரையை மாற்றுவது அரை நாள் வேலையாக இருக்கலாம், ஆனால் பல ஆலைகளின் இரண்டு போகக் கணக்கு அதற்குள் ஏறிய பிறகு அடித்தளத்தை மாற்றுவது, புதிதாக எழுதுவதைவிடக் கடினமான வேலை. ஆகவே அயல் ஊரில் ஒருவருக்குச் சரிவந்த வழி நமக்கும் சரிவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

| அளவுகோல் | ஓடருக்குச் செய்தல் | களத்தில் கேட்டுச் செய்தல் | சிறிதாக விட்டுப் பார்த்தல் |
|---|---|---|---|
| பிழை தெரியவரும் காலம் | இரண்டாவது வாடிக்கையாளர் வரும்போது | செய்யத் தொடங்கும் முன்னரே, பெருமளவுக்கு | முதல் விற்பனையில் |
| திருத்தும் செலவு | காலம் போகப் போகக் கூடும் | குறைவு | பொருளின் தன்மையைப் பொறுத்தது |
| முதற் காசு | உடனே, முற்பணம் கிடைத்தால் | மிகத் தாமதம் | நடுத்தரம் |
| அடுத்தவருக்குப் பயன் | பெரும்பாலும் இல்லை | அதிகம் | பெருமளவுக்கு உண்டு |
| ஒருவரில் தங்கியிருத்தல் | அதிகம் | குறைவு | குறைவு |

## ஓடருக்குச் செய்தல்

இதன் பலம் வெளிப்படையானது. வாங்குபவர் இருக்கிறார், விலை பேசியாகிவிட்டது, முற்பணம் வந்தால் அதிலேயே மூலப்பொருளை வாங்கிவிடலாம். வங்கிக் கடனும் வெளி முதலீடும் எளிதில் கிடைக்காத இப்பகுதியில் இது சிறிய விடயமன்று, தொடங்கிய முதல் ஆண்டில் பலரைத் தாங்கி நிற்பதும் இதுதான்.

மறைந்திருக்கும் செலவு பின்னால் வருகிறது. சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கை எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆலையில் ஈர நெல்லுக்கு மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள், அதையே மென்பொருளின் கணக்காக எழுதிவிடுகிறோம். அக்கரைப்பற்றிலுள்ள இரண்டாவது ஆலை ஈரப்பதன்மானியை வைத்துக் கழிக்கிறது. மூன்றாவது ஆலையில் லொறி ஒன்றுக்கு மொத்தமாக ஒரு கழிவைப் பேசி முடிக்கிறார்கள். ஒவ்வொரு ஓடருக்கும் தனித்தனிப் பிரதி எழுதிக் கொடுத்தவருக்குச் சில ஆண்டுகளில் எஞ்சுவது ஒரு பொருளாக இருக்காது. ஒன்றோடொன்று ஒத்துவராத பல பொருட்களே எஞ்சும். கடைகளுக்கு இவ்வாறு எழுதிக் கொடுத்தவர்கள் பட்ட பாட்டுக்கு நல்ல உதாரணம் பெறுமதி சேர் வரி. அது 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. ஒரே பிரதியை எல்லாருக்கும் கொடுத்தவர் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் எண்ணை மாற்றினார். தனித்தனிப் பிரதி கொடுத்தவர் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது, அந்த வேலைக்குக் காசு கேட்கவும் முடியவில்லை.

காசு கொடுப்பவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும் போர் முடிந்த பிறகும் தொண்டு நிறுவனங்களின் ஓடரை நம்பித் தொடங்கிய தையல், கைப்பணி முயற்சிகள் பல, திட்டக் காலம் முடிந்ததும் வாங்குவாரின்றி நின்றதைக் கிழக்கில் எல்லாரும் கண்டிருக்கிறோம். அங்கே வேலை செய்தவர்களின் கைத்திறனில் குறை இருக்கவில்லை. கடையில் காசு கொடுத்து அந்தப் பொருளை வாங்கக்கூடியவர் யார் என்று எவரும் தேடிப் பார்த்திருக்கவில்லை. அதை இழப்பாக நான் இன்றும் எண்ணுகிறேன், ஏனென்றால் அந்தப் பெண்களிற் பலர் பின்னர் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

இருந்தும் இவ்வழியே சிறந்ததாக அமையும் தொழில்கள் உண்டு. நெல் உலர்த்தி, படகு, தளபாடம் போல ஒவ்வொன்றும் பெருந்தொகை பெறும் பொருட்களை ஓடர் இல்லாமல் செய்துவைப்பது அறிவன்று. மற்றவர்கள் இவ்வழியை எடுக்கும்போது மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொள்வது நல்லது. முற்பணம் மூலப்பொருட் செலவையாவது முழுதாக மூட வேண்டும், ஏனெனில் மீதிக்கு வரும் தவணைக் காசோலை எப்போது மாறும் என்பது நம் கையில் இல்லை. வடிவமைப்போ நிரலோ நமக்கே உரியது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒருவர் கேட்ட மாற்றத்தை இரண்டாமவரும் தாமாகவே கேட்கும்வரை அதைப் பொதுப் பொருளில் சேர்க்கக் கூடாது.

## களத்தில் பார்த்தும் கேட்டும் செய்தல்

சந்தை வழிப்பட்ட பொருள் முகாமைத்துவம் என்று உலகில் பேசப்படுவதன் நடுப்பகுதி இதுதான். ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கையை விட்டுவிட்டு, ஒரே வகையான பலருக்கு ஒரே வகையில் ஏற்படும் தொல்லை எது, அதை நீக்கக் காசு கொடுப்பார்களா என்று தேடுவது இதன் வேலை.

இதிலே பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஆலை முதலாளியின் அறையில் இருந்து பேசினால் அவர் இலாப நட்ட அறிக்கை வேண்டும் என்பார், கொழும்பில் அரிசி விலை போகிற போக்கைப் போனிலே பார்க்க வேண்டும் என்பார். அவை உண்மையான விருப்பங்கள்தாம். ஆனால் வேளாண்மை வெட்டு நடக்கும் நாளில் அதே ஆலையின் தராசடியில் போய் நின்றால் வேறொன்று தெரியும். மூடைகள் தராசில் ஏறி இறங்குகின்றன. கணக்கெழுதுபவர் ஒவ்வொரு நிறையையும் கொப்பியில் பத்துப் பத்தாக எழுதிப் பக்கத்தின் அடியில் கூட்டுகிறார். வெளியே அடுத்த லொறி ஹோர்ன் அடிக்கிறது. கூட்டியது சரிதானா என்று கமக்காரர் தன் துண்டுக் கடதாசியில் இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிறார், இரண்டும் ஒத்துவராவிட்டால் எல்லாம் நிற்கிறது. கணக்கெழுதுபவரின் விரல்களில் உமித்தூசு படிந்திருப்பதால் போன் திரையைத் தொட்டால் அது வேலை செய்வதில்லை. அங்கே முதலில் வேண்டியது பெரிய பொத்தான்கள் உள்ள எண்பலகையும், நிறை, கழிவு, மிச்சம் மூன்றையும் கமக்காரரின் கையில் கொடுக்கும் ஓர் அச்சுச் சிட்டையும். இலாப நட்ட அறிக்கை அதற்குப் பிறகுதான்.

அந்தச் சிட்டைக்கு ஏன் இவ்வளவு பெறுமதி என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை உலர் நெல்லுக்கு 14 வீத ஈரப்பதனை அளவாகக் கொள்கிறது. 18 வீத ஈரப்பதனுள்ள 50 கிலோ நெல் அந்த அளவுக்குக் காய்ந்தால் 47.7 கிலோ அளவில் நிற்கும். ஆகவே நியாயமான கழிவு மூடைக்கு 2.3 கிலோ. கண்மதிப்பில் அதற்கு மேல் கழித்தால் கமக்காரருக்குக் கோபம் வரும், குறைவாகக் கழித்தால் ஆலைக்கு நட்டம் வரும். இந்தக் கணக்கை இருவரும் பார்க்கும்படி வைப்பதே பொருளின் மையம் என்பதைத் தராசடியில் நிற்காமல் கண்டுபிடிப்பது கடினம்.

கேட்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விடயம் நம் ஊரின் மரியாதை. இப்படி ஒரு மென்பொருள் செய்தால் வாங்குவீர்களா காக்கா என்று கேட்டால், நல்லம் தம்பி, செய்ங்க பாப்பம் என்ற பதில்தான் வரும். தேநீரும் வரும். அதை வாங்குவதற்கான சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கியவர்கள் பலர். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைப் பற்றிக் கேட்பதே பயன் தரும்: போன போகத்தில் கணக்குப் பிசகியது எப்போது, அதைச் சரிக்கட்ட யார் எத்தனை நாள் இருந்தார்கள், அதற்காக ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, வாங்கியதை ஏன் விட்டீர்கள். இதைச் சரிசெய்ய ஒரு சதமும் ஒரு நாளும் செலவழிக்காதவருக்கு அது உண்மையில் தொல்லையாக இருக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கேட்டால் வெளிவராத ஒரு பகுதியும் உண்டு. ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984இல் முன்வைத்த பாகுபாடு இங்கே உதவும். இருந்தால் யாரும் மெச்சாத, இல்லாவிட்டால் எல்லாரும் வெறுக்கும் அடிப்படைத் தன்மைகள் ஒரு வகை. கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிற தன்மைகள் இன்னொரு வகை. எதிர்பாராமல் கிடைத்து மகிழ்விப்பவை மூன்றாவது வகை. நிறை சரியாகக் கூட்டப்பட வேண்டும், மின்சாரம் நின்றாலும் கணக்கு அழியக் கூடாது என்பவற்றை நேர்காணலில் எவரும் சொல்லமாட்டார்கள், அது சொல்லவே தேவையில்லை என்று அவர்கள் நினைப்பதால். சாயம் போகாத சாரமும் அப்படித்தான். கேட்டு எழுதிய பட்டியலை மட்டும் வைத்துப் பொருளைச் செய்பவர் இந்த முதல் வகையிலேயே தவறுகிறார்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது முதலாளியின் நேரம். இந்த வேலையை ஒரு பயிலுநரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து அனுப்பி முடிக்க முடியாது. தீர்மானிப்பவரே போக வேண்டும், போகிற நாட்களில் வருமானம் இராது. இன்னொன்று, நாம் எளிதில் போய்ப் பேசக்கூடியவர்களிடம் மட்டுமே பேசிவிட்டு வருவது. அம்பாறை மாவட்டத்தின் நெல் வியாபாரம் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் மூவருடைய கையிலும் இருக்கிறது. கல்முனையிலும் நிந்தவூரிலும் மட்டும் தமிழிற் கேட்டுவிட்டு அம்பாறை நகருக்கும் உகணைக்கும் போகாமல் விட்டால், செய்த பொருளில் சிங்களச் சிட்டை இல்லை என்பது விற்கப் போகும்போதுதான் தெரியும்.

பொருளின் அடித்தளத்தைப் பின்னர் மாற்றுவது கடினமாக இருக்கும்போதும், வாங்குபவரின் அன்றாட வேலையே மாறும்படியான ஒன்றைச் செய்யும்போதும், இந்த வழிக்கு ஈடில்லை. கையில் மூன்று மாதச் செலவுக்குக்கூடக் காசு இல்லாதவர் இதைத் தனியாக எடுக்கக் கூடாது.

## சிறிதாக விட்டுப் பார்த்தல்

முழுதாகச் செய்து முடிக்கும் முன்னர், விற்கக்கூடிய மிகச் சிறிய அளவில் வெளியிட்டுப் பார்ப்பது இவ்வழி. மென்பொருள்காரருக்கே உரிய முறையாக இது பேசப்படுகிறது, ஆனால் தறிக்காரருக்கு இதைவிட நல்ல கருவி கையிலேயே இருக்கிறது. பாவை மாற்றுவது செலவு, ஊடையை, அதாவது குறுக்கு நூலை, மாற்றுவது செலவன்று. ஒரே பாவில் முதல் சாரத்துக்கு நாவல் ஊடை, அடுத்ததற்குச் சாம்பல், அதற்கடுத்ததற்குக் கடும்பச்சை என்று, குறுக்கே ஓடும் நாடாவிலுள்ள நூற்சுருளை (தாரை) மட்டும் மாற்றி நெய்தால், ஒரு பாவின் செலவில் பல மாதிரிகள் கிடைக்கும். அவற்றை ஒரே கடையில் ஒரே விலையில் அடுக்கி எது முதலில் தீர்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த பாவைத் தீர்மானிக்கலாம்.

இந்த வழியை அதிகம் ஏமாற்றுவது நாட்காட்டி. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எந்தச் சாரமும் போகும். அதை வைத்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டால் கிடங்கு நிறையும். பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் வருவதால், போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதும் பிழையான முடிவைத் தரும். பெருநாளுக்கு முன் எத்தனையாவது வாரம் என்று ஒப்பிட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான பொருளை அறுகம் குடாவிலோ பாசிக்குடாவிலோ மாரி மழையில் வைத்துப் பார்த்து, போகவில்லை என்று கைவிடுவதும் அதே போன்றதுதான். அங்கே ஆட்கள் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை.

பரீட்சை என்பதால் இலவசமாகக் கொடுப்பது இன்னொரு பிழை. உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துப் பெற்ற பாராட்டு விற்பனையைப் பற்றி எதையும் சொல்லாது. சிறு தொகையாவது, அல்லது கணக்கெழுதுபவரின் இரண்டு நாள் நேரமாவது, எதிர்த்தரப்பு எதையேனும் விட்டுக்கொடுத்தால்தான் அது சான்று. எத்தனை விற்றால் தொடர்வது, எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை முதல் பொருளை வெளியில் விடுவதற்கு முன்னரே எழுதிவைக்க வேண்டும், பின்னர் எழுதினால் வந்த எண்ணையே போதுமானதென்று மனம் ஏற்றுக்கொள்ளும்.

உணவுப் பொருளுக்குச் சிறு அளவு என்பது சட்டத்துக்கு விலக்கன்று. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்வரும் ஒழுங்குகள் பத்துப் பொதிக்கும் பொருந்தும். நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எல்லாம் பொதியின் மேலுள்ள சிட்டையில் இருக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பெயர் கெடும் ஆபத்தையும் எண்ண வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வியாபாரிகள் ஒருவரையொருவர் அறிவர், பாதி வெந்த பொருளைப் பற்றிய பேச்சு பொருளுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். அளவைக் குறைக்கலாம், வகைகளைக் குறைக்கலாம். விற்பதன் தரத்தைக் குறைக்கக் கூடாது.

## மற்றவர் செய்வதைப் பார்த்துச் செய்தல்

நான்காவதாக இதையும் சிலர் கேட்கிறார்கள். அடிப்படைத் தன்மைகளில் போட்டிப் பொருளுக்குச் சமமாக நிற்பதற்கு இது போதும், அதற்கு மேல் இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விசைத்தறிச் சாரத்தின் வடிவத்தைக் கைத்தறியில் நெய்தால் அதன் விலையோடு போட்டி போட வேண்டிவரும், அந்தப் போட்டியில் கைத்தறிக்கு வழியே இல்லை.

## தீர்மானிப்பவர் யார்

எந்த வழியை எடுத்தாலும் ஒரு பொருளுக்கு ஒருவர் முழுப் பொறுப்பு என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் மூன்றும் குழம்பிவிடும். பொருள் முகாமையாளர் என்ற பதவியின் வேரைப் பலரும் 1931 மே மாதத்தில் காண்கிறார்கள்: அமெரிக்காவின் பிரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் கமே சவர்க்காரத்தின் விளம்பர வேலையைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு வணிகப் பெயருக்கும் விற்பனையைக் கணித்து, களத்தில் போய்க் காரணம் தேடி, பொறுப்பேற்கும் ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். சிறு நிறுவனத்தில் அதற்கெனத் தனிச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் குடும்பத் தொழிலில் அண்ணன் ஓடரை ஏற்க, தம்பி வடிவத்தை மாற்ற, வாப்பா விலையைக் குறைக்க என்று மூவரும் மூன்று பக்கம் இழுப்பதைத் தவிர்க்கலாம். எதைச் செய்யமாட்டோம் என்று சொல்லும் உரிமை ஒருவரிடம் இருந்தால் போதும்.

## யாருக்கு எது

தயிர், மரமுந்திரிகை, பலகாரம் போன்றவற்றுக்கு மூன்றாவது வழியில் தொடங்குவதே சரி, பிழையின் செலவு குறைவாகவும் பதில் விரைவாகவும் இருப்பதால். கொழும்புச் சந்தையை நினைப்பவர் மட்டும் முதலில் களத்துக்குப் போய், மண் சட்டியின் நிறையும் உடைவும் வழிச் செலவை எவ்வளவு கூட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். கைத்தறிக்கு, நூலுக்கான காசை ஓடரிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு தறியை மட்டும் ஊடை மாதிரிகளுக்கு ஒதுக்கும் கலப்பு வழியை நான் பரிந்துரைப்பேன். வருமானத்தின் பாதிக்கு மேல் ஒரே வாங்குபவரிடமிருந்து வரத் தொடங்கினால், புதிய ஓடரைவிடப் புதிய வாங்குபவரைத் தேடுவது முதல் வேலையாக வேண்டும்.

ஆலை மென்பொருள் போன்றவற்றுக்குக் களமே முதலிடம், அதைப் போகத்தோடு பொருத்தித் திட்டமிட வேண்டும். பெரும்போக விதைப்பு முடிந்த நவம்பர், டிசம்பரில் முதலாளிகளுக்குப் பேச நேரம் இருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் பேசப் போகாமல் தராசடியில் பார்க்க மட்டும் போக வேண்டும். ஏப்ரல் முதல் எழுதி, கொள்வனவு குறைவாக இருக்கும் சிறுபோக வெட்டில் இரண்டு ஆலைகளில் மட்டும் காசுக்கு விட்டுப் பார்த்து, திருத்திய பின் அடுத்த பெரும்போகத்துக்கு எல்லாருக்கும் கொடுக்கலாம். வெட்டு நடக்கும்போது எந்த ஆலையிலும் புதிய பதிப்பை ஏற்றக் கூடாது. கட்டணத்தை மாதந்தோறும் கேட்பதைவிடப் போகத்துக்கு ஒருமுறை, அரிசி விற்றுக் காசு கைக்கு வரும் நாட்களில் கேட்பதே ஆலைக்காரரின் வரவு செலவுக்கு ஒத்துவரும்.